விபத்தில் பிழைத்தவரிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலை விபத்துகளைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகளும் தலையங்கங்களும் இறந்தவர்களின் எண்ணிக்கையில் தொடங்கி, தலைக்கவசம், வேகக் கட்டுப்பாடு, சாலை அமைப்பு ஆகியவற்றைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிகமாகத் தமிழ்நாட்டில் 67,213 விபத்துகள் நடந்தன; 18,347 பேர் இறந்தார்கள். இறந்தவர்களைவிடப் பல மடங்கு மக்கள் அடிபட்டுப் பிழைத்து வீடு திரும்பினார்கள். செய்தியில் அவர்களுக்கு ‘காயமடைந்தோர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர்’ என்ற ஒரு வரிக்கு மேல் இடமில்லை. தருமபுரி மாவட்டத்தில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எலும்பு கூடி, கட்டுப் பிரித்து, ஊன்றுகோலை மூலையில் வைத்த பிறகும் அவர்களில் ஒரு பகுதியினரை விடாமல் பற்றியிருக்கும் மனநோய் ஒன்றைப் பற்றியும், அதைக் கேட்டறிய ஆளில்லாத நம் நடைமுறையைப் பற்றியும் தங்கள் வாசகர்களுக்கும் சுகாதாரத் துறையினருக்கும் எழுத விரும்புகிறேன்.

மருத்துவர்கள் அதைப் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்’ என்பார்கள்; பேச்சில் பி.டி.எஸ்.டி. என்ற சுருக்கமே வழங்குகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலையை முன்னிட்டு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதனாலோ என்னவோ, இது போர்முனைக்கு உரிய நோய் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்க் கடற்கரைகளில் மனநலக் குழுக்கள் பணியாற்றியதால், இயற்கைச் சீற்றத்தோடும் இதைச் சேர்த்துப் பார்க்க நம்மவர்கள் பழகினார்கள். ஒரு மொபெட்டும் ஒரு டிப்பர் லாரியும் மோதிக்கொண்ட இடத்திலும் இதே நோய் பிறக்கும் என்பது மட்டும் நம் பொது அறிவுக்குள் இன்னும் வரவில்லை.

விபத்தில் சிக்கிய எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. உலக மக்களில் சுமார் 70 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு முறையாவது இத்தகைய அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள் என்றும், 3.9 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் இந்நோய் இருந்திருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்பதே இதன் பொருள். தேறாதவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் நாம் செய்யாமல் விட்டிருக்கும் வேலை.

ஓர் இயன்முறை மருத்துவர் இதைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அறுவை மருத்துவர் புறநோயாளிப் பிரிவில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ராடு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டாக வேண்டும். அத்தனை கூட்டம் வெளியே நிற்கிறது. எங்கள் அறையில் அதே நோயாளி வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், மாதக்கணக்கில், அரை மணி நேரம் முக்கால் மணி நேரம் என்று படுத்திருப்பார். முழங்காலை மடக்கும்போது வலியை மறக்கப் பேசத் தொடங்குவார். சாப்பாடு, மழை, மகனின் படிப்பு என்று போகும் பேச்சு என்றாவது ஒரு நாள், ‘ராத்திரியில தூக்கமே இல்லீங்க சார், கண்ண மூடினா அந்த லாரி லைட்டுதான் வருது’ என்ற இடத்துக்கு வந்து நிற்கும். தன் மனைவியிடம்கூடச் சொல்லாததைப் பலர் அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை சில உண்டு. விபத்து நடந்து மாதங்கள் ஆன பிறகும், பின்னால் ஏர் ஹார்ன் ஒலித்தால் உடம்பு தூக்கிப்போடும். டயர் தேயும் வாடையோ டீசல் வாடையோ வந்தால் அந்தக் கணமே அந்த இடத்தில் கிடப்பதுபோல் இருக்கும். அது வெறும் நினைவாக இருப்பதில்லை; இப்போது, இங்கே நடப்பதுபோலக் கண்முன் ஓடும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். அதற்குப் பயந்து அந்தப் பக்கம் போவதையே விட்டுவிடுவார்கள். பைபாஸில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஊருக்குக் கிராமத்துச் சாலைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்வார்கள். வண்டியை விற்றுவிடுவார்கள். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவருக்குப் பதிலாகத் தங்கள் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். சிறிய சத்தத்துக்கும் எரிந்து விழுவார்கள். குழந்தை தட்டைக் கீழே போட்டால் அடித்துவிடுவார்கள். இன்னும் சிலருக்கு எதிலும் ஒட்டுதல் இருக்காது. ‘வீட்ல எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் எங்கேயோ இருக்கற மாதிரி இருக்குது’ என்று ஒருவர் சொன்னார். மருத்துவ நூல்கள் பகுத்துச் சொல்லும் இந்நோயின் அறிகுறிகள் அத்தனையும் இந்தப் பேச்சில் இருக்கின்றன.

ஆபத்து நேரும்போது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் அவசர நிலைக்குச் செல்கிறது. மூளையில் அச்சத்தை உணரும் பகுதி உச்சத்தில் இயங்கும்போது, நடந்ததை நாள், இடம், முன்பின் வரிசையோடு அடுக்கிவைக்கும் பகுதி தன் வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. அதனால் வெளிச்சம், ஓசை, வாடை, வலி ஆகியவை ‘இது முடிந்துபோனது’ என்ற முத்திரை இல்லாமல் தனித்தனியே பதிந்துவிடுகின்றன என்று இத்துறை ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பின்னர் அவற்றில் ஒன்றைத் தொடும் ஏதாவது எதிர்ப்பட்டால், உடம்பு பழைய ஆபத்தைப் புதிய ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. இது கோழைத்தனமும் அல்ல, மன உறுதி இல்லாமையும் அல்ல. மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டிப் பழகிய, எதற்கும் அஞ்சாதவர் என்று ஊரே சொல்லும் மனிதர்களிடமும் இதைக் கண்டிருக்கிறேன்.

காயத்தின் அளவை வைத்து இதை எடைபோடக் கூடாது. தொடை எலும்பு இரண்டாக முறிந்தவர் ஆறு மாதத்தில் பழையபடி வண்டி ஓட்டுவார். சிராய்ப்போடு தப்பிய மனிதர் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். அந்தச் சில நொடிகளில் ‘செத்தோம்’ என்று ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்பினார் என்பதும், அதன் பிறகு அவரைச் சுற்றியிருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் எலும்பு முறிவின் தன்மையைவிட அதிகமாக நோயைத் தீர்மானிக்கின்றன. நம் நடைமுறையோ முழுக்க முழுக்க எலும்பைக் கொண்டே மனிதரை அளக்கிறது. காயம் பெரிதாக இல்லாதவர் ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கிக்கொண்டு அன்றே வீட்டுக்குப் போய்விடுகிறார். இன்னொரு கூட்டம் மருத்துவமனைக்கே வராமல் புத்தூர்க் கட்டுக்குப் போய்விடுகிறது. இவர்களை யாரும் மறுபடி பார்ப்பதே இல்லை.

‘கேஸுக்காக நடிக்கிறான்’ என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழப்பீட்டு வழக்கு நடக்கும்போது ஒருவர் தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னால் காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு மட்டுமல்லாமல், பங்காளிகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும்கூட இதைச் சொல்கிறார்கள். இந்தச் சந்தேகம் புதியதன்று. இங்கிலாந்தில் ரயில் பாதைகள் பரவிய காலத்தில், விபத்தில் வெளிக்காயமில்லாமல் தப்பியவர்கள் உறக்கம் கெட்டு, நடுங்கி, வேலைக்குப் போக முடியாமல் ஆனதைக் கண்டு, லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் அதைப் பற்றி விரிவுரைகள் வெளியிட்டார். முதுகுத்தண்டு குலுங்கியதால் வந்த கோளாறு என்று அவர் கருதினார்; ரயில் நிறுவனங்களோ இழப்பீட்டுக்காகப் போடும் வேடம் என்று வாதிட்டன. அவருடைய விளக்கம் பின்னாளில் நிற்கவில்லை, ஆனால் அவர் பார்த்த நோயாளிகள் பொய் சொல்லவில்லை. என் அனுபவத்தில், வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்து, அதில் வீட்டுக்குக் கூரையும் போட்ட பிறகும் அதே கனவில் அலறி எழுந்தவர்கள் உண்டு. நடிப்பவர்கள் எந்த நோயிலும் இருப்பார்கள். அவர்களைக் காரணம் காட்டி மற்றவர்களைத் தண்டிப்பது நியாயமாகாது.

பெண்களின் நிலை இதைவிட மோசம். 2023இல் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். நம் ஊர்களில் கணவன் ஓட்ட, மனைவி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஒரு குழந்தையும் முன்னால் டேங்கின்மீது இன்னொரு குழந்தையுமாகப் போவது சாதாரணக் காட்சி. விபத்தில் கணவன் இறந்து மனைவி பிழைத்தால், துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே ‘இவ கால் வச்ச நேரம்’ என்று தொடங்கிவிடுவார்கள். அன்றைக்கு ஊருக்குப் போகலாம் என்று சொன்னது யார், புடவை சக்கரத்தில் மாட்டியதா, வண்டியில் போகும்போது பேச்சுக் கொடுத்தாயா என்று விசாரணை நடக்கும். குழந்தை இறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தன்னைத்தானே குற்றம்சாட்டிக்கொள்வது இந்நோயின் அறிகுறிகளில் ஒன்று; அதைக் குடும்பமே வெளியிலிருந்து ஊட்டி வளர்த்தால் அவள் எப்படித் தேறுவாள்? அவள் வீட்டு வேலையைச் செய்துகொண்டிருப்பதால் நன்றாக இருப்பதாகவும் கருதிவிடுகிறார்கள். ‘பேசறதே இல்ல, ஆனா வேலையெல்லாம் செய்யுது’ என்று ஒரு மாமியார் தன் மருமகளைப் பற்றிச் சொன்னபோது அதில் குறையொன்றும் அவருக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் வாயால் சொல்ல மாட்டார்கள். பொம்மை வண்டிகளை மோதவிட்டு மோதவிட்டு விளையாடுவார்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கும். அம்மாவின் சேலையை விட மாட்டார்கள்.

இடித்த வண்டியின் ஓட்டுநரைப் பற்றிப் பேசினால் வாசகர்களில் சிலருக்குக் கோபம் வரலாம். நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளின் லாரித் தொழிலை நம்பி எங்கள் பக்கத்து இளைஞர்களும் ஏராளமானோர் வாழ்கிறார்கள். தன் சக்கரத்துக்கு அடியில் ஓர் உயிர் போனதைக் கண்ட ஓட்டுநர், தவறு அவர்மீது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூட்டத்தின் அடிக்குப் பயந்து ஓடி, காவல் நிலையத்தில் சரணடைந்து, ஜாமீனில் வந்து, அதே சாலையில் அதே வண்டியை ஓட்டித்தான் பிழைக்க வேண்டும். சட்டப்படி அவருக்குரிய தண்டனையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். தூக்கமில்லாமல் நடுங்கும் கையோடு தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் சரக்கு ஏற்றிய லாரியை இறக்கும் ஒருவருக்குச் சிகிச்சை தேவை என்பது நம் எல்லோருடைய பாதுகாப்பையும் பொறுத்தது. 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களும், விபத்து நடந்த இடத்தில் முதலில் ஓடிவந்து தூக்கிய ஊர்க்காரர்களும் இதே பட்டியலில் சேர்வார்கள்.

முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதில் ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பேசுகின்றன. நடந்ததை உடனே ஒன்று விடாமல் சொல்லவைத்து ‘மனத்தில் இருப்பதைக் கொட்டிவிடு’ என்று வற்புறுத்துவது நல்லது என ஒரு காலத்தில் நினைத்தார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான அதன் மூன்றாண்டுத் தொடர் ஆய்வில், அப்படி ஒரு முறை விரிவாகப் பேசவைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். குறிப்பாக, தொடக்கத்திலேயே அதிக உளைச்சலில் இருந்தவர்கள் தேறவே இல்லை. நம் வீடுகளில் இதைச் செய்பவர்கள் பார்க்க வரும் உறவினர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடிப் பையோடும் வரும் ஒவ்வொருவரும், எப்படி ஆச்சு, எங்க ஆச்சு, அப்போ நீ என்ன பண்ணின என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். நலம் விசாரிப்பதை யாரும் குறைசொல்லப் போவதில்லை. கதையைக் கேட்காமலும் நலம் விசாரிக்கலாம். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், சொல்லாவிட்டால் துருவ வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவைக்க ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் போதும்.

அடுத்தது மாத்திரை. தூக்கம் வரவில்லை என்றதும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையை எழுதிக்கொடுப்பதும், அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதும் வழக்கமாகிவிட்டன. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளைக் குறைக்க இவ்வகை மாத்திரைகளைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் கூறியிருக்கிறது. மாத்திரை கிடைக்காதவர்கள் டாஸ்மாக் கடைக்குப் போகிறார்கள். விபத்துக்கு முன் தொடாதவர், ‘ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் கண்ணு அசருது’ என்று குடிக்கத் தொடங்கினால், குடும்பம் குடியைத்தான் பார்க்கிறது. அதற்கு முன்னே இருந்த இரவுகள் அதன் கண்ணில் படவில்லை. மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது, தர்காவில் ஓதி ஊதிக்கொள்வது ஆகியவற்றை நான் எதிர்க்கவில்லை. பயந்தவருக்கு ஊரும் உறவும் சேர்ந்து கைகொடுக்கும் வழிகளாக அவை இருக்கலாம். மருத்துவரிடம் போவதைத் தடுக்காதவரை அவற்றால் கேடு இல்லை.

பழைய காட்சி கண்முன் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டார் பதறக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, இது எந்த இடம், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றச் சொல்லலாம், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவச் சொல்லலாம், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டிச் செய்யச் சொல்லலாம். பின்னாலிருந்து திடீரென்று தொடுவதையும், உறக்கத்தில் அலறினால் உலுக்கி எழுப்புவதையும் தவிர்ப்பது நல்லது. வேளைக்குச் சாப்பாடு, பகலில் சிறிது வேலை, மாலையில் நடை, இரவில் கைப்பேசியில் விபத்துக் காட்சிகளைப் பார்க்காமல் இருப்பது என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தால், பலருக்கு அதுவே பாதி மருந்து. ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே, மறந்துடு’ என்ற அறிவுரையால் மட்டும் எந்தப் பயனும் இல்லை. மறக்க முடிந்தால் அவர் மறந்திருக்க மாட்டாரா?

ஒரு மாதம் கழிந்தும் அறிகுறிகள் குறையாமல், வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சிலருக்கு ஆறு மாதம் கழித்தே நோய் முழுமையாக வெளிப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இதற்குப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், பயிற்சி பெற்றவரின் துணையோடு, பாதுகாப்பான அறையில், நோயாளி தான் தாங்கும் அளவுக்கு அந்த நினைவை நெருங்குகிறார்; விலகி ஓடிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்புகிறார். எங்கள் தொழிலில் இதற்கு இணையான ஒன்றை அன்றாடம் பார்க்கிறோம்: மாவுக்கட்டுப் பிரித்த முழங்கால் வலிக்கிறதென்று மடக்காமலே வைத்திருந்தால் அது இறுகிப்போகும், முதல் நாளே முழுவதும் மடக்கினால் வீங்கிவிடும், நாளுக்கு நாள் சில பாகை கூட்டித்தான் மடக்க வேண்டும். முதலில் சாலையோரம் நின்று வண்டிகளைப் பார்ப்பது, பிறகு ஓரமாக நடப்பது, பிறகு பேருந்தில் ஒரு நிறுத்தம், பிறகு நம்பிக்கையானவரின் வண்டியில் பின்னால் உட்காருவது என்று அது போகும். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் பயன் தருகிறது. தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். தலையில் அடிபட்டவர்களிடம் மறதி, எரிச்சல், தலைவலி ஆகியவை மூளைக் காயத்தாலும் வரும் என்பதால், எது எதனால் என்று பிரித்துப் பார்ப்பதும் மருத்துவரின் வேலை.

நம் மாநிலத்தில் இதற்கான கட்டமைப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். துண்டு துண்டாக இருக்கிறது என்பதே என் குறை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த அந்தத் திட்டத்தை மனமாரப் பாராட்டுகிறேன். நான் எழுதும் இந்நோயோ அந்த 48 மணி நேரத்துக்கு நெடுநாள் கழித்து வருவது. எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் வீட்டுக்கே போகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் தொலைபேசி வழி மனநலச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இவற்றை இணைக்கும் கண்ணி ஒன்றுதான் இல்லை.

அந்தக் கண்ணிக்குப் புதிய பணியிடமோ புதிய கட்டடமோ தேவையில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறையில் உருவான ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உலகின் பல நாடுகளில் முதல் நிலைச் சோதனைக்குப் பயன்படுகிறது. நம் பேச்சுவழக்கில் அவற்றை இப்படிக் கேட்கலாம்: போன ஒரு மாசமா அந்த விபத்து கனவுல வருதா, வேண்டாம்னாலும் ஞாபகத்துக்கு வருதா? அத நெனைக்கக் கூடாதுன்னோ அந்த எடத்துக்குப் போகக் கூடாதுன்னோ ஒதுங்கறீங்களா? எப்பவும் உஷாரா, சின்னச் சத்தத்துக்கும் திடுக்குனு ஆகுதா? வீட்டு மனுசங்ககிட்டயோ வேலையிலயோ ஒட்டுதல் இல்லாம மரத்துப்போன மாதிரி இருக்குதா? நடந்ததுக்கு நாந்தான் காரணம்னோ இவங்கதான் காரணம்னோ பழி போடறத நிறுத்த முடியலையா? மூன்று நான்கு கேள்விகளுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் மாவட்ட மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; நோயை உறுதிசெய்வது அவர் பொறுப்பு. கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. எலும்பு முறிவுப் புறநோயாளிப் பிரிவின் செவிலியரோ, வீட்டுக்குப் போகும் இயன்முறை மருத்துவரோ, தன்னார்வலரோ இதைக் கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்ற கேள்வியையும் உடன் சேர்த்துக் கேட்க அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

இதைப் படிக்கும் அதிகாரி ஒருவர், கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் சிகிச்சை தர அத்தனை மனநல மருத்துவர்கள் எங்கே என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் இந்நோய் உள்ளவர்களில் நால்வரில் ஒருவர்தான் சிகிச்சையை நாடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கண்டறியப்பட்ட அனைவரையும் மனநல மருத்துவரே நடத்த வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பலரைத் தேற்றிவிட முடியும், கடுமையான நிலையில் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் போனால் போதும். எத்தனை பேர் என்று தெரியாமலே இருப்பதால்தான் ஆளும் நியமிக்கப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

இழப்பீட்டைப் பற்றி வழக்கறிஞர்களுக்கு ஒரு வார்த்தை. உடல் ஊனத்துக்கான இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை வகுத்த 2010ஆம் ஆண்டின் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில், காயத்தால் வந்த வலி, துன்பத்தோடு மன அதிர்ச்சியையும் இழப்பீட்டுக்குரிய தலைப்பாக உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டிருக்கிறது. நடைமுறையில் மனநல மருத்துவரின் சான்று எதுவும் தாக்கல் செய்யப்படாததால், தீர்ப்பாயங்களில் அந்தத் தலைப்பின்கீழ் பொதுவான ஒரு தொகை போடப்படுவதோடு சரி. கால் குறைந்த அளவை மருத்துவக் குழு சதவீதத்தில் எழுதிக் கொடுக்கிறது. ஓட்டுநர் தொழிலையே விட்டுவிட்டவரின் நோய் கோப்பில் எங்கும் இல்லை. உரிய நேரத்தில் சிகிச்சைக்குப் போனால் அந்தச் சீட்டுகளே சான்றாகிவிடும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்று சொல்வதையும் பாலிசி வைத்திருப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஊடகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2024 ஜனவரியில் தொப்பூரில் வாகனங்கள் அடுத்தடுத்து மோதித் தீப்பற்றிய கண்காணிப்புக் கேமராக் காட்சி, தொலைக்காட்சிகளிலும் கைப்பேசிகளிலும் நாள்கணக்கில் சுற்றியது. அதே சாலையில் முன்பு அடிபட்டவர்கள் எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், டீக்கடை டி.வி.யில் அது ஓடியபோது குடித்துக்கொண்டிருந்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனவரை நான் அறிவேன். விபத்துச் செய்தியோடு ஒரு படம் போதும். நொறுங்கிய உடலையும் எரியும் வண்டியையும் காட்டித்தான் சாலைப் பாதுகாப்பைக் கற்பிக்க வேண்டும் என்பதில்லை. தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண்களை அச்சிடும் நல்ல வழக்கம் நாளிதழ்களில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய விபத்துச் செய்திகளின் கீழும் 14416 என்ற எண்ணைத் தாங்கள் வெளியிடத் தொடங்கினால், மற்ற நாளிதழ்களும் பின்பற்றக்கூடும்.

சுகாதாரத் துறை இதை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 ஊடறுத்துச் செல்லும் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் முதலில் செய்து பார்க்கலாம். விபத்து நோயாளியின் வெளியேற்றச் சீட்டில் ‘ஒரு மாதம் கழித்து மனநிலைக் கேள்விகள்’ என்று ஒரு வரியும், கேட்டவரின் கையொப்பத்துக்கு ஒரு கட்டமும் அச்சிட்டால் அந்த வேலை தொடங்கிவிடும். நோயாளி மறுபரிசோதனைக்கு வராவிட்டால் அந்த ஊர்த் தன்னார்வலருக்குத் தகவல் போக வேண்டும். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். பணியிலிருக்கும் இயன்முறை மருத்துவர்கள் இதற்குத் தயங்க மாட்டார்கள் என்று அவர்களில் பலருக்குப் பயிற்சியளித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஓய்வுபெற்ற எங்களைப் போன்றோரைக் கூப்பிட்டாலும் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.